சீட்டி அண்ணாச்சிக்குக் காவல்

சீட்டி அண்ணாச்சி நாக்கை மடித்து இரண்டு விரலை வாயில் வைத்துவிட்டால், பாளையங்கோட்டையில் ஓடுகிற பந்துகூட ஒரு கணம் நின்றுவிடும். பந்து நின்றதோ இல்லையோ, போன வருடம் எங்கள் ஜாகிர் நின்றுவிட்டான். வினையே அதுதான்.

அண்ணாச்சிக்கு வாழைக்காய் மண்டி. எங்கள் கல்லூரி விடுதிக்குப் பழம் போட வந்தவர், ஒருநாள் கால்பந்து மைதானத்தை எட்டிப் பார்த்தார். அதோடு சரி, மண்டிக்காரர் பழைய மாணவர்களான எங்களைவிடப் பெரிய ரசிகராகிவிட்டார். விதி ஒன்றும் தெரியாது. ஆஃப்சைடைப் பற்றிச் சொன்னால், "முந்திப் போய் நின்னா தப்பாம்லா! பஸ்ஸுல எடம் புடிக்க முந்தித்தான் போவுதோம், அது தப்பா?" என்று சண்டைக்கு வருவார். ஆனால் சீட்டி மட்டும் அசல் நடுவர் விசில் மாதிரியே இருக்கும். ஒருமுறை நடுவரே, ஊதியது தான்தானோ என்று தன் விசிலை எடுத்துப் பார்த்தார்.

போன சீசனின் கடைசி ஆட்டம். எதிரே நாகர்கோவில் கல்லூரி. எங்கள் முன்கள வீரன் ஜாகிர், மேலப்பாளையத்துப் பையன், எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டு போய்விட்டான். கோல்கீப்பர் மட்டும்தான் பாக்கி. சந்தோஷம் தாங்காமல் அண்ணாச்சி அடித்தார் பாருங்கள் ஒரு சீட்டி! நடுவர் ஊதிவிட்டார் என்று நினைத்து ஜாகிர் பந்தின்மேல் காலை வைத்து நின்றான். நாகர்கோவில்காரன் ஒருத்தன் பைய வந்து பந்தைத் தட்டிக்கொண்டு போய் எங்கள் வலைக்குள் தள்ளினான். கோப்பை நாகர்கோவில் பஸ்ஸில் ஏறிவிட்டது.

அன்றைக்கே அண்ணாச்சியை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டோம்.

இந்த வருடம் சீசன் அறிவிப்பு வந்தது. முதல் ஆட்டமே நாகர்கோவிலுடன். ஜாகிருக்கு இது கடைசி வருடம். யார் ஆடுவது, யார் உட்காருவது என்றெல்லாம் குழுவில் பேச்சே இல்லை. அண்ணாச்சி வருவாரா என்ற ஒரே பேச்சுதான். ஆடிட்டர் ஆபீஸ் ஆறுமுகம் குரல் செய்தியே போட்டுவிட்டார்: "அவரு வந்தா நான் வரல வே. எனக்கு பிரஷர் இருக்கு."

நாங்கள் கூடும் டீக்கடைக்கு அண்ணாச்சியே ஒருநாள் வந்து நின்றார். ஆள் இளைத்திருந்தார்.

"ஏலே, என்னால முடியல. மண்டியில உக்காந்திருக்கேன், நெனப்பெல்லாம் அங்கனதான் கெடக்கு. என்னயக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு கையயும் புடிச்சுக்கிடுங்க. வெரலு வாய்க்குப் போனாத்தானலே சீட்டி வரும்?"

ஆறுமுகம் டீயை ஆற்றிக்கொண்டே, "வலது கை என் பொறுப்பு" என்றார். இடது கை எனக்கு வந்தது.

ஆட்டத்தன்று கைதியைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்த போலீஸ்காரர்கள் மாதிரி நாங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஜாகிர் எங்களை நோக்கி ஓடி வந்தான். போன வருடத்துக்குப் பிறகு அவன் அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அண்ணாச்சி, லீவு முழுக்க என் தம்பிய விசில் ஊதச் சொல்லி ஓடிப் பழகியிருக்கேன். இனி எவன் ஊதினாலும் நிக்க மாட்டேன். நீங்க தாராளமா அடிங்க."

அண்ணாச்சி இரண்டு கைகளையும் எங்கள் பக்கம் நீட்டினார். "நீ போய் ஆடுலே. நான் வாயே தொறக்கல" என்றார்.

ஆட்டம் இழுபறி. இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிய கொஞ்ச நேரமே இருக்கும்போது ஜாகிர் காலுக்குப் பந்து வந்தது. ஓடினான். மறுபடியும் கோல்கீப்பர் மட்டும்தான் பாக்கி. என் பிடியிலிருந்த அண்ணாச்சியின் கை வாய்ப்பக்கம் இழுத்தது; இறுக்கிப் பிடித்தேன்.

விசில் கேட்டது.

"கெடுத்தீரே வே!" என்று ஆறுமுகம் அலறினார்.

"நான் இல்லலே! சத்தியமா நான் இல்ல!"

அவர் இல்லைதான். இரண்டு கைகளும் எங்களிடம் இருந்தன. ஊதியவர் நடுவர். இந்த முறை அசல் விசில்; ஆஃப்சைடு. ஆனால் ஜாகிர் சொன்ன சொல் தவறாதவன். நிற்காமல் ஓடிப் பந்தை வலைக்குள் அடித்தான். நடுவர் ஊதிக்கொண்டே பின்னால் துரத்தினார். அவர் ஊத ஊத இவன் குஷியாகி ஓடினான். எங்கள் முன்னால் வந்து, அண்ணாச்சியைப் பார்த்து ஒரு சல்யூட் வேறு அடித்தான். நடுவர் மூச்சு வாங்க வந்து மஞ்சள் அட்டையை நீட்டினார்.

நாகர்கோவில்காரர்கள் உட்பட மைதானமே சிரித்தது. ஆறுமுகம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைக்க அண்ணாச்சியின் வலது கையை விட்டுவிட்டார். சீட்டிக்கு ஒரு கை போதும். அண்ணாச்சி அந்தக் கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டார். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

ஆட்டம் சமனில் முடிந்தது. கூட்டம் கலைந்த பிறகும் தன் இடது கை என்னிடமே இருப்பதைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி, "பயப்படாதலே, இனி அடிக்க மாட்டேன்" என்றார்.

பயத்தில் பிடித்திருக்கவில்லை என்று நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.