அத்தானின் முதுகும் இரண்டு விடைகளும்

அன்புள்ள அத்தானுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலமில்லை. ஆகவே அங்கே நீங்கள் நலமாக இருந்தே தீரவேண்டும். போனில் சொல்லியிருப்பேன், அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள்.

போன மாதம் உங்கள் முதுகில் உள்ள மச்சத்தைப் படமெடுத்து அக்கா அனுப்பினாள் அல்லவா? தோலில் இருக்கும் புள்ளியைப் பார்த்து, பயப்பட வேண்டுமா வேண்டாமா என்று சொல்வதுதான் எங்கள் கம்பெனி செயலியின் வேலை. என் மேசைக் கணினியில், பைதான் என்ற கணினி மொழியில் நான் எழுதிய நிரலிடம் படத்தைக் கொடுத்தேன். "பயமில்லை, தொண்ணூற்றாறு சதவீதம்" என்றது. நீங்களும் மருத்துவரிடம் வாங்கியிருந்த நேரத்தை ரத்து செய்துவிட்டு, "மச்சானோட மிஷினே சொல்லிடுச்சு, டாக்டர் எதுக்கு?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் என் புகழ் பாடினீர்கள்.

திங்கட்கிழமை, கைபேசியில் ஓடுவதற்காகத் தான் ஜாவா என்ற இன்னொரு மொழியில் எழுதிய நிரலைச் சோதிக்க ஒரு படம் கேட்டார் பக்கத்து மேசைக்காரர். கைக்குக் கிடைத்தது உங்கள் முதுகு. "உடனே மருத்துவரைப் பாருங்கள், தொண்ணூற்றொரு சதவீதம்" என்றது அது. மாடல் என்று நாங்கள் சொல்லும் பழக்கிய மூளை இரண்டிலும் ஒன்றுதான். படமும் ஒன்றுதான், முதுகும் ஒன்றுதான். என் வாய் சும்மா இருக்குமா? "உங்க ஜாவா கோளாறு" என்றேன். "உங்க பைதான் மட்டும் ரொம்ப யோக்கியமோ?" என்றார். மாடல் கோப்பை ஒப்பிட்டோம், படத்தைச் சுருக்கும் விதத்தை ஒன்றாக்கினோம், தசமப் புள்ளிக்குப் பின்னால் ஏழாவது இடம் வரை துழாவினோம், இரண்டும் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தன. மேலாளர் எட்டிப்பார்த்து, "ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துடுங்களேன்" என்றார். உங்களுக்குப் பாதி நோய் என்று முடிவே கட்டிவிட்டார் மனுஷர்.

நேற்று மதியம், படத்தின் முதல் புள்ளியில் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று சொல்லும் மூன்று எண்களை அச்சிட்டோம். என்னுடையதில் 203, 142, 118. அவருடையதில் 118, 142, 203. நான் சிவப்பை முதலில் கொடுக்கிறேன், அவர் நீலத்தை முதலில் கொடுக்கிறார்! அதாவது ஜாவா உங்களை நீல மனிதராகக் காட்டியிருக்கிறது. நீலமாக ஒருவர் வந்து நின்றால் எந்த மிஷின்தான் டாக்டரிடம் அனுப்பாது? வரிசையை மாற்றினோம். ஜாவாவும் வாலைச் சுருட்டிக்கொண்டு "பயமில்லை" என்றது. மேலாளர் கைதட்டினார்.

ஆகவே கவலையை விடுங்கள். அக்காவிடம் எதையும் சொல்லவேண்டாம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மிஷின் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது, மாடலைப் பழக்கியவரின் பழைய குறிப்பேட்டைப் பக்கத்து மேசைக்காரர் என் முன்னால் விரித்து வைத்தார். "எல்லாப் படங்களும் நீலம் முதலாகக் கொடுத்துப் பழக்கப்பட்டவை" என்று எழுதியிருக்கிறது. ஜாவாதான் சரி, அத்தான்; உங்களை நீல மனிதராகக் காட்டியது என் பைதான்தான். சரியாக இருந்ததைத் தப்பாகத் திருத்திவிட்டுக் கைதட்டியிருக்கிறோம். என் பேச்சை நம்பி ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டீர்கள். இதைத் தபாலில் போடவில்லை, நானே கொண்டுவருகிறேன். படித்ததும் திட்ட ஆரம்பிக்காதீர்கள். சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள், வண்டி வாசலில் நிற்கிறது.