சிப்பி தின்றும் ஏறாத இரத்தம்

ஒரு விஷயத்தைப் பாதி மட்டும் படித்தவர்தான் அதைப் பற்றி அதிகம் பேசுவார். நான் பேசினேன். அதுவும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கின் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, வயிற்றில் பிள்ளையோடு.

கொட்டகலையிலிருந்து பத்திரிகைக்கு ஊர்ச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு இரத்தம் குறைவு என்று மருத்துவமாது மிஸ்ஸி சொன்னதும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். சிப்பியில் இரும்புச் சத்து நிறைய என்றிருந்தது. கணவர் சிவாவுக்குக் கடலோர நீர்கொழும்பில் கடை வேலை. லீவு கிடைக்கும்போதெல்லாம் ஐஸ் பெட்டியில் சிப்பிச் சதை கொண்டுவந்தார். (முதல் பலன் அவருக்குத்தான். பெட்டி ஒழுகி வாடை வீச, நெரிசலான ரயிலில் பக்கத்திலிருந்தவர்கள் எழுந்து போக, கால் நீட்டிக்கொண்டு வந்தார்.)

அடுத்த கிளினிக்கில் நான் நிபுணர். பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கும், தேயிலைக் கொழுந்தெடுக்கும் செல்வியக்காவும் என்னைப் போலவே வயிற்றில் பிள்ளையும் இரத்தக் குறைவுமாக வந்திருந்தார்; அவரிடம் ஆரம்பித்தேன்.

"கீரையெல்லாம் போதாதுக்கா. சிப்பி சாப்பிடணும்."

"தேயில மலையில சிப்பிக்கு எங்கம்மா போறது? கூடைய மாட்டிக்கிட்டு கடலுக்கா எறங்குறது?"

வாங்கே சிரித்தது. நான் விடவில்லை. மிஸ்ஸி சோதனை முடிவுகளோடு வரும்வரை பேசினேன்.

கீரை தின்ற செல்வியக்காவுக்கு இரத்தம் ஏறியிருந்தது. எனக்கு இன்னும் இறங்கியிருந்தது.

"இப்படியே போனா இரத்தம் ஏத்த வேண்டி வரும் தங்கச்சி. பிள்ளைக்கும் நல்லதில்ல," என்றார் மிஸ்ஸி.

எவ்வளவு அக்கறையாக இருக்கிறேன் என்று காட்டவாவது வேண்டும். பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தேன். அன்றைய இரும்பு மாத்திரையைக் கடுஞ்சாயத் தேத்தண்ணியோடு மிஸ்ஸியின் கண் முன்னாலேயே விழுங்கினேன்.

மிஸ்ஸி பிளாஸ்க்குக்குள் எட்டிப் பார்த்தார்.

"எப்பவும் இப்படித்தானா?"

"ஆமா மிஸ்ஸி. சிப்பின்னா ரெண்டு கோப்ப. வாட போகணுமே."

"இரும்பு ஒடம்புல சேராம தடுக்குறதே அந்தச் சாயந்தான். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிங்கன்னு மொதல் கிளினிக்லயே சொன்னேனே?"

"அன்னைக்கு நான் எழுதிக்கிட்டு இருந்தேன் மிஸ்ஸி."

"என்னத்த?"

"ஒங்க கிளினிக்கப் பத்திச் செய்தி."

"நாங்க சும்மா ஒக்காந்திருந்தோம். அதனால காதுல விழுந்திச்சு," என்றார் செல்வியக்கா.

அன்றிலிருந்து மாத்திரை எலுமிச்சைச் சாறோடு இறங்கியது. சிப்பியோடு கீரையும் சேர்ந்தது. என்னை நம்பாத செல்வியக்கா, என் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து தேத்தண்ணிக் கேத்தலைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விடுவார். திட்டிக்கொண்டே சாப்பிட்டேன். இரத்தம் மெல்ல ஏறியது. மகள் சுகமாகப் பிறந்தாள். மிஸ்ஸியையும் கேத்தல் தூக்கிய செல்வியக்காவையும் நினைக்காமல் அவளுக்கு ஒரு பிறந்தநாள் போனதில்லை.

எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்களுக்கு இன்றைக்கும் தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் கழித்துத்தான். சிவாவின் அண்ணன் ஒவ்வொரு முறையும் கையைக் கழுவிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து புலம்புவார்:

"தேயிலைக்கு நடுவுல இருந்துக்கிட்டு தேத்தண்ணி குடுக்காத ஒரே வீடு இதுதான்."

மகள்தான் பதில் சொல்வாள்.

"அந்த ஒரு மணித்தியாலத்துலதான் பெரியப்பா நான் வளந்தேன்."