மாரப்பன் இரண்டு முறை செத்த கதை

எதை வாங்கினாலும் கூடவே வரும் விளக்கத்தாளைப் பிரிக்காமல் குப்பையில் போடும் ரகம் நான். விவரம் தெரியாதவர்கள்தான் அதையெல்லாம் படிக்க வேண்டும் என்பது என் கொள்கை. அந்தக் கொள்கையால் கொல்லிமலையில் ஒரு மனிதரை இரண்டு முறை சாகடித்திருக்கிறேன்.

கல்யாணமாகி ராசிபுரத்திலிருந்து மலைமேல் குண்டூர் நாட்டுக்கு வந்தபின் எனக்கு அது முதல் தை மாதம். மிளகு பழுக்கத் தொடங்கியிருந்தது. உடனே பறிக்காவிட்டால் பாதி குருவிக்கு, பாதி மண்ணுக்கு. தோட்டத்தை நடத்துவது அத்தை, அதாவது என் மாமியார். அந்த வருடம் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்தில் மதியம் கறிச்சோறு போடுவதாகப் பேச்சு கிளம்ப, எங்கள் பறிப்பாட்கள் எட்டுப் பேரின் கண்ணும் அந்தத் திசையிலேயே இருந்தது. அவர்கள் போய்விட்டால் அந்த வருட மிளகு அவ்வளவுதான்.

“ஆளுங்கள நான் நிறுத்தறேன் அத்தை” என்றேன். (என்னை யாரும் கேட்கவில்லை.)

என் திட்டம் எளியது. வேலை செய்துகொண்டே கேட்க ஒரு நீண்ட நாவலின் ஒலிநூல். கதையில் மாட்டிக்கொண்டால் எவரும் நகரமாட்டார்கள் அல்லவா? தோட்டத்தில் செல்போனுக்கு டவர் கிடையாது. எனவே கட்டைவிரல் அளவில் ஒரு எம்பி3 பிளேயர் வாங்கி, நாவலைப் பதினேழு பாகமாக ஏற்றி, ஒரு ஸ்பீக்கரோடு, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரம் ஒன்றில் கட்டினேன்.

அந்த பிளேயருக்குத் திரையும் இல்லை, ஞாபகமும் இல்லை. அணைத்துவிட்டுப் போட்டால் முதல் பாகத்திலிருந்து ஆரம்பிக்கும். அதற்கு என் மேதாவித்தனமான மாற்று ஏற்பாடு ஒரு நோட்டு. ‘இத்தனை முறை பட்டனை அமுக்கு, இத்தனை நிமிடம் தள்ளு’ என்று மாலையில் எழுதிவைப்பேன்.

முதல் நாள் முதல் பாகம் ஓடியது. மயிலாத்தாள் என்ற பெண் கல்யாணமே வேண்டாம் என்று அப்பாவிடம் சண்டை போட்டாள். அடுத்த பாகத்தில் அவளுக்கு மூன்று பிள்ளைகள். சற்று நேரத்தில் மாரப்பன் என்ற அவள் கணவன் பாம்பு கடித்துச் செத்தே போனான்.

“ஏனுங்க அம்மிணி, கல்யாணம் எப்ப ஆச்சு?” என்று கேட்டார், கீழே உட்கார்ந்து மிளகு உதிர்த்துக்கொண்டிருந்த பாப்பாத்தி அக்கா.

“அது நவீன உத்திங்க்கா. நடுவுல இருக்கறத நாமளே புரிஞ்சுக்கணும்” என்றேன். தமிழ் எம்.ஏ. படிப்பு எனக்குப் பயன்பட்ட ஒரே சந்தர்ப்பம் அது.

பாப்பாத்தி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “சாவு கேட்ட அன்னிக்கு ஏணி ஏறறது எங்க வழக்கம் இல்லீங்க.”

ஏணிமேல் நின்று பறித்துக்கொண்டிருந்தவர்கள் இந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருந்ததுபோல மளமளவென்று இறங்கினார்கள். அரை நாள் போயிற்று. அத்தை என்னைப் பார்த்த பார்வையில் ஈர மிளகு காய்ந்திருக்கும்.

இரண்டாம் நாள் விதவை மயிலாத்தாளின் கஷ்டங்கள். மூன்றாம் நாள் மதியம்வரை அதுவே. அதன்பின் வந்த பாகத்தில் வெற்றிலை பாக்குத் தட்டோடு பெண் பார்க்க ஒருவன் வந்தான். பெயர் மாரப்பன்.

ஏணிகள் அத்தனையும் அசையாமல் நின்றன.

“செத்தவரு எப்பிடிங்க பொண்ணு பாக்க வந்தாரு?” என்றார் பாப்பாத்தி அக்கா. என் நவீன உத்தி அங்கேயே படுத்துவிட்டது. அத்தையோ வேறு கணக்கில் இருந்தார். “அதான் உசுரோட வந்துட்டானே! அன்னிக்கு நின்ன அரை நாளுக்கு என்ன பதிலு?”

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தபோதுதான் விளங்கியது. பாகங்களுக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்திருந்தேன். பிளேயர் முதல் எழுத்தை மட்டும் பார்த்து, ஒன்றில் தொடங்கும் பத்து முதல் பதினேழுவரை எல்லாவற்றையும் 1-க்குப் பின்னால் நிறுத்திவிட்டு, கடைசியில் 2-க்கு வந்திருக்கிறது. 01, 02 என்று முன்னால் ஒரு சுழியம் வைத்திருந்தால் போதும். விளக்கத்தாளில் இருந்திருக்கும். வைத்தேன். வரிசை சரியாயிற்று.

நான்காம் நாள் காலை அத்தை உட்பட எல்லோரையும் கூட்டி, பிளேயர் எண்ணிய விதத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “இனிமே ஒழுங்கா ஓடும், நேத்து விட்ட எடத்துல இருந்தே போடறேன்” என்று நோட்டைப் பிரித்தேன். ‘ஒன்பது முறை அமுக்கு, இருபது நிமிடம் தள்ளு.’ சொன்னபடியே செய்தேன்.

நோட்டு பழைய வரிசைக்கு எழுதியது. புதிய வரிசையில் ஒன்பது அமுக்கினால் எந்தப் பாகம் வரும் என்று நான் யோசிக்கவில்லை. ஸ்பீக்கரில் ஒப்பாரி கிளம்பியது. மாரப்பன் மறுபடி செத்தான்.

“ஐயோ, இல்லீங்க்கா, இது தப்பு, அவரு இன்னும் சாகல!” என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? பாப்பாத்தி அக்கா மிகுந்த துக்கத்தோடு சேலையை உதறினார்.

“சாவு சாவுதானுங்களே அம்மிணி.”

எட்டுப் பேரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். எங்கள் கடைசி இரண்டு வரிசைக் கொடிகளின் மிளகு அந்த வருடம் குருவிகளுக்குப் போனது. ஆனால் ஒருவரும் கறிச்சோற்றுக்குப் போகவில்லை. கதை முடியும்வரை தினமும் வந்தார்கள். “ஆள நிறுத்தறேன்னு சொன்ன கண்ணு, நிறுத்திட்ட” என்றார் அத்தை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இதெல்லாம் நடந்து ஆறு வருடம் ஆகிறது. போன மாதம் என் மகளின் பள்ளியிலிருந்து வரச்சொன்னார்கள். அத்தையும் நானும் போனோம். எல்கேஜி டீச்சர் கவலையோடு இருந்தார்.

“பாப்பா நல்லாத்தாங்க படிக்குது. ஆனா எண்ணச் சொன்னா மட்டும் ஒண்ணு, பத்து, பதினொண்ணுன்னு போயி, பதினேழு முடிஞ்சப்புறந்தான் ரெண்டு சொல்லுது. ஊட்ல யாருங்க சொல்லித் தர்றது?”

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை சுவரில் தொங்கிய விலங்குகள் படத்தில் ஒட்டகத்தை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.