ஃபெக்லாவிடம் ஒப்படைத்த படம்

ஓக்கா ஆற்றங்கரை,
ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன், காலை.

மதிப்பும் அன்பும் மிக்க அக்கா எவ்லம்பியாவுக்கு, தம்பி போர்ஃபீரி தலைவணங்கி எழுதுவது. நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும். அத்தானின் மூட்டுவலிக்கும் என் மரியாதையைச் சொல்.

படம் முடிந்துவிட்டது! பனி உருகி வண்டித்தடமெல்லாம் சேறாகக் கிடக்கும் அதே படம்தான். அடுத்த வாரம் மாஸ்கோ கண்காட்சி நடுவர்கள் என்னை எடுக்காவிட்டால், அத்தானின் பெண்கள் பள்ளியில் ஓவிய வாத்தியாராக உட்கார்ந்து பூச்சாடி வரையக் கற்றுக்கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். சொன்ன சொல் மாறமாட்டேன். ஆனால் அதற்கு அவசியமே வராது.

பட்ட பாடு கொஞ்சமா? முக்காலியும் குடையுமாக நான் வயலில் நின்றதைப் பார்த்து, நிலம் அளக்க ஜார் சர்க்கார் அனுப்பிய ஆள் என்று ஊரே நினைத்துக்கொண்டது, ஒருவன் கோழியோடு வந்து "எசமான், அந்த ஓடை வரைக்கும் எங்களுதுன்னு எழுதிருங்க" என்று காலைப் பிடித்தான், தொல்லை விட்டால் போதும் என்று தலையாட்டினேன், உடனே எதிர்வீட்டுக்காரன் வாத்தோடு வந்தான், அவனுக்கும் தலையாட்டினேன், இரண்டு பேரும் என் கண்முன்னே கட்டிப் புரண்டார்கள், அந்தச் சண்டையில் குடை ஆற்றோடு போனது, ஓடிப்பிடிக்கப் போய் என் இடது பூட்ஸ் சேற்றுக்குள் போனது, இருமலும் பிடித்துக்கொண்டது. விடுவேனா? ஒற்றைப் பூட்ஸோடு நின்று முடித்தேன்.

இந்த ஊரில் நான் நம்புகிற ஒரே ஆள், நான் வாடகைக்குத் தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி ஃபெக்லாதான். சாயம் காய்வதற்காகப் படத்துணியை அடுப்போரம் வைத்து அவளிடம் ஒப்படைத்திருக்கிறேன். "நீங்க போயிட்டு வாங்க எசமான், ஒரு தூசி படாம பாத்துக்கறேன்" என்றாள். இதோ வண்டி பேசக் கிளம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ ஈஸ்டர் ரொட்டி வெட்டும்போது படத்தோடு உன் மேசையில் இருப்பேன். பிள்ளைகளுக்கு மூன்று மூன்று முத்தம். ஆண்டவர் உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

பி.கு.: வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெரிய வியாழன் அல்லவா, இங்கே பெண்கள் வீட்டில் உள்ளதையெல்லாம் தேய்த்துக் கழுவும் நாள். திரும்பி வந்தால் ஃபெக்லா சாம்பல் தண்ணீரும் கந்தலுமாக வேர்த்து நிற்கிறாள். "இவ்ளோ நல்ல துணியில யாரு எசமான் சேத்த வாரி அடிச்சது? தேச்சுத் தேச்சு என் கையே போச்சு!" படம் இருந்த இடத்தில் வெறும் துணி. அழுதேன் அக்கா, நிஜமாகவே அழுதேன். அழுது முடித்த பிறகுதான் உறைத்தது: நான் வரைந்த சேற்றை அவள் சேறு என்றே நம்பிக் கழுவியிருக்கிறாள்! எந்த நடுவர் என்னை இப்படிப் பாராட்டப்போகிறார்? வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பூச்சாடிக்கு அத்தான் வேறு ஆள் பார்க்கட்டும். எனக்குப் பழுப்புச் சாயம் பத்துக் குழாயும், அத்தானின் பழைய பூட்ஸில் இடது காலும் அனுப்பு. களஞ்சியத்துக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் சேறு இருக்கிறது.