இருநூறு விரிப்புகளும் ஓர் அத்தியாயமும்

மூன்று மருத்துவமனைகளின் இருநூறு படுக்கை விரிப்புகள், எது யாருடையது என்று தெரியாமல் ஒரே மலையாகக் கிடந்தன. காலை பத்து மணிக்குள் பேராசிரியர் தன்னந்தனியாகச் செய்து முடித்த காரியம் அது.

சலவை நிலையம் அவர் மனைவியுடையது. பதினைந்து வருஷமாக ஒற்றை ஆளாக நடத்துகிறாள். தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவள் தயங்கியபோது, "நான் எதுக்கு இருக்கேன்? நீ போ!" என்று மார்தட்டியவர் இவர்தான். கல்லூரியில் நிர்வாகவியல் நடத்துகிறவர் வேறென்ன சொல்வார்? போதாக்குறைக்கு, அவர் எழுதும் பாடப்புத்தகம் ஆறு மாதமாக முதல் அத்தியாயத்திலேயே முட்டிக்கொண்டு நின்றது. நிர்வாகம் அறிவியலா, கலையா, தொழில்முறையா?

"முன்னறையில இருக்கிற இருநூறும் நாலு மணிக்குள்ள ரெடியா இருக்கணுங்க. டிரைவர் வருவார்." அவ்வளவுதான் சொல்லிவிட்டுப் போனாள் அவள்.

அறிவியலே என்று தொடங்கினார் பேராசிரியர். ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் ஒரு நூல் முடிச்சு. சிவப்பு ஒரு மருத்துவமனை, நீலம் இன்னொன்று, மஞ்சள் மூன்றாவது. கடிகாரத்தை வைத்துப் பார்த்தார். முடிச்சைத் தேட எட்டு விநாடி!

"எல்லா நூலையும் வெட்டுங்க. பேனாவால நம்பர் போட்டுடலாம்."

இஸ்திரி போடும் அக்கா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டே கேட்டாள்: "நெசமாவா சார்?"

"ஆராய்ச்சி சொல்லுதும்மா."

நம்பர் போட்டார்கள். மெஷினில் போட்டார்கள். விரிப்புகள் வெளியே வந்தன; நம்பர்கள் வரவில்லை. போனது மை மட்டுமா, பேராசிரியர் முகத்தில் இருந்த களையும்தான்.

சரி, இது கலை. மனிதர்களின் மனத்தைத் தொட வேண்டும். அங்கே வேலை செய்யும் பதினோரு பேரையும் வட்டமாக நிற்க வைத்துப் பேசினார். நன்றாகவே பேசினார், துவைக்கிறவர் கைகூடத் தட்டினார். நாற்பதாவது நிமிஷத்தில் புகை வந்தது. உரையில் மெய்மறந்த அக்கா இஸ்திரிப் பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டிருந்தாள்.

"ஐயோ! ஓட்டை விழுந்துடுச்சே!"

"பரவால்ல சார், அதுல ஏற்கெனவே நாலு ஓட்டை இருக்கு," என்றாள் அக்கா.

தூக்கிப் பார்த்தார். வெளிச்சம் மறுபக்கம் வந்தது. "என்னம்மா, இந்த ஆஸ்பத்திரிக்காரங்க இவ்வளவு கஞ்சமா?"

அக்காவுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

மதியம் தொழில்முறைக்கு மாறினார். என் கையெழுத்து இல்லாமல் ஒரு துணி நகரக் கூடாது! துவைத்ததற்கு ஒரு சீட்டு, உலர்த்தியதற்கு ஒரு சீட்டு, மடித்ததற்கு ஒரு சீட்டு. மூன்று மணிக்கு அவர் மேஜைமுன் பதினோரு பேரும் வரிசையில் நின்றார்கள். மெஷின்கள் சும்மா நின்றன. மடித்து முடித்தது ஒன்பது விரிப்பு. ஆனால் ஒருவர் முகத்திலும் பதற்றமில்லை. இன்றைக்குப் போல வேலை என்றைக்கும் இருந்ததில்லை என்று துவைக்கிறவர் மனதாரச் சொன்னார்.

பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். நாளைக்கு ஆபரேஷன் மேஜைக்கு விரிப்பு இருக்காது. ஒப்பந்தம் போகும். இந்தப் பதினோரு பேரும் வேலை தேடி அலைவார்கள். மனைவிக்குப் போன் போட்டார்.

"நீ பதினஞ்சு வருஷமா கட்டினதை ஒரே நாள்ல கவுத்துட்டேன்மா."

"முதல்ல சாப்டீங்களா?"

"சாப்பாடா முக்கியம்? நூலெல்லாம் வெட்டிட்டேன்! ஒண்ணை எரிச்சுட்டேன்!"

"கையில எதுவும் சுட்டுக்கலையே?"

திட்டுவாள் என்று காத்திருந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இல்ல. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். இதைத் தினமும் எப்படித்தான் சமாளிக்கிற? இது அறிவியலா, கலையா, தொழில்முறையா?"

"எனக்கென்னங்க தெரியும், நீங்கதானே வாத்தியார்? இருக்கிறதை அப்படியே டிரைவர்கிட்ட குடுத்துடுங்க. குழந்தை அழுவுது, வெச்சிடறேன்."

எப்பேர்ப்பட்ட மனுஷி! தலை போகிற நேரத்தில் குரலில் ஒரு நடுக்கம் உண்டா? தான் படித்த புத்தகங்களையெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டு இவளிடம் மாணவனாகச் சேரலாம் என்று அவருக்கு உண்மையாகவே தோன்றியது.

நாலு மணிக்கு வண்டி வந்தது. டிரைவர் ஈரத்தையும் ஓட்டையையும் பார்க்காமல் அத்தனையையும் அள்ளிப் போட்டார். பேராசிரியர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க?"

"ஆஸ்பத்திரிக்குத்தான். ஒவ்வொரு வாசல்லயும் நின்னு நானே மன்னிப்புக் கேக்கறேன். அவமேல பழி வரக் கூடாது."

டிரைவர் சாவியைத் திருகாமல் அவரைப் பார்த்தார். "ஆஸ்பத்திரி லோடை நேத்தே முடிச்சு அனுப்பிட்டுத்தானே சார் முதலாளியம்மா ஊருக்குப் போனாங்க? இது தரை துடைக்கக் கிழிக்கிறதுக்குக் கழிச்சுப் போட்ட பழசு. ஆளுக்கேத்த வேலையாப் பாத்துக் குடுக்கணும்னு அவங்க எப்பவும் சொல்லுவாங்க."