மூன்று பேர் சீட்டில் ஒரு மீத்தேன்

எங்கள் காலேஜ் பஸ்ஸில் ஏறும் அத்தனை பேரையும் கார்பன் அணுக்களாகப் பார்த்த ஒரே பிறவி டிகிரிதான். அந்த ஞானம் அவனுக்குப் பிறந்த காலையில் நானும் பக்கத்தில் நசுங்கிக்கொண்டிருந்தேன். ராஜபாளையத்திலிருந்து கிருஷ்ணன்கோவில் போகிற பஸ். முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன், இரண்டு பக்கமும் இருவர். நடுவில் சிக்கியவன் முகம் மலர்ந்து, "மாப்ள, இப்ப நான் நாலு டிகிரி கார்பன்லே" என்றான்.

அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று. ஒரு கார்பனோடு எத்தனை கார்பன் ஒட்டியிருக்கிறதோ அத்தனை டிகிரி, அவ்வளவுதான் சங்கதி. மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரத்து ஆள் ஒன்று, நடு ஆள் இரண்டு. கல்யாணப் பந்தியில் கடைசி இலைக்காரரிடம் போய், "நீங்க ஒரு டிகிரி மாமா" என்றான். அவர் கழுத்தைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்துக்கொண்டார். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி; எங்களுக்கு அவன் டிகிரி.

எனக்கோ ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் அரியர். இரண்டு முறை போயிற்று. மூன்றாவதும் போனால் கையிலிருந்த ஆஃபர் லெட்டர் செல்லாது. டிகிரி என்னைத் தத்தெடுத்தான். ஒரு சாயங்காலம் ஓடுகிற பஸ்ஸிலேயே எட்டு ஆட்களை வைத்து, எட்டு கார்பன் உள்ள ஐசோ ஆக்டேன் மூலக்கூறைக் கட்டினான். ஐந்து பேர் வரிசையாகத் தோளைப் பிடித்து நின்றார்கள். இரண்டாவது ஆளை இரு பக்கச் சீட்டிலிருந்தும் ஒவ்வொருவர் பிடித்துக்கொள்ள, நான்காவது ஆளை ஒருவர் பிடித்துக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் வளைவில் பிரேக் விழுந்தது. மூலக்கூறு மொத்தமும் கியர் பக்கம் சரிந்தது.

"ஏலே, கம்பியைப் பிடிங்கலே" என்றார் டிரைவர்.

"கார்பன் பாண்டு ஒடைஞ்சிருச்சுண்ணே, செத்த நேரம் மெதுவாப் போங்க" என்றான் டிகிரி, கீழே கிடந்தபடியே.

பரீட்சையில் அதே ஐசோ ஆக்டேன். கண்ணை மூடி, விழுந்தவர்களை எண்ணினேன். நாலு டிகிரி ஒருவன், மூன்று ஒருவன், இரண்டு ஒருவன், நுனியில் தொங்கிய ஐந்து பேரும் ஒன்று. பாஸ்.

ரிசல்ட் வந்த சாயங்காலம் பஸ்ஸில் அவனைத் தேடினேன். மூன்று பேர் சீட்டில் தனியாக இருந்தான். டிகிரி கொடுத்துவிடுவானென்று பயந்து, இடமிருந்தால் அவன் பக்கத்தில் எவனும் உட்காருவதில்லை. நானும்தான் உட்கார்ந்ததில்லை.

"நீ எத்தனை டிகிரிலே?" என்று கேட்டேன்.

"நானா? மீத்தேன். ஒத்தைக் கார்பன். பக்கத்துல யாரும் கிடையாது."

பாடம் ஒப்பிப்பதுபோலத்தான் சொன்னான். உட்கார்ந்தேன். ராஜபாளையம் வரும்வரை யோசித்துவிட்டு, "இப்ப ஈத்தேன். நீயும் ஒண்ணு, நானும் ஒண்ணு" என்றான்.

நாளைக்கு எவனையாவது இழுத்துவந்து மூன்றாவது இடத்தில் உட்காரவைக்க வேண்டும். நடு இடம் டிகிரிக்கு.