மரைன் ஹில் கிரேன்காரர்

போர்ட் பிளேரில் அவரைவிட உபத்திரவமான தாத்தா இன்னொருவர் இருக்க முடியாது. மரைன் ஹில்லில் என் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் அவரை எல்லோரும் ‘கிரேன்காரர்’ என்றுதான் சொல்வோம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கைக்குத்தான் ஓய்வு, வாய் இன்னும் இரண்டு ஷிஃப்ட் பார்க்கிறது. பக்கத்தில் நிற்பவரிடம்கூட, கப்பலின் மறுகோடியில் இருப்பவரைக் கூப்பிடுவது போலத்தான் பேசுவார்.

போன கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து அவருடைய மகள் தன் பிள்ளைகளோடு வந்தாள். பேரனும் பேத்தியும் அவரைப் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது. வந்த மறுநாளே மழை. மழையோடு நெட்வொர்க்கும் போனது. செத்துப்போன செல்போனும் கையுமாக இரண்டும் மூலைக்கு ஒன்றாக உட்கார்ந்தன. தாத்தா ஆசையாகக் கூப்பிட்டால்கூடப் பேத்தி பயந்து அழுதது.

என்னிடம் கொடுத்து வைத்திருந்த அவர்கள் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க நான் மேலே போயிருந்தபோது மகள் சொன்னாள்: “மழை விட்டதும் ஹேவ்லாக் தீவுக்குப் போயிடறோம்ப்பா. ரிசார்ட் புக் பண்ணியாச்சு. அங்கயாவது இதுங்க சிரிக்கட்டும்.”

“டீக் ஹை, போயிட்டு வாங்கம்மா” என்றார் கிரேன்காரர். அந்த மனுஷருக்கு மெதுவாகப் பேசவும் வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலை வாசலில் நின்ற என் மண்டைக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் பக்கெட் இறங்கியது. அண்ணாந்து பார்த்தேன். பால்கனியில் கப்பி கட்டி, கயிறு மாட்டி, துறைமுகமே திறந்துவிட்டார். பேரன் ஆபரேட்டர். பேத்தி கையை ஆட்டிச் சைகை காட்டும் சிக்னல்காரி. இவர் ஃபோர்மன், அதாவது சும்மா நின்று கத்துகிறவர்.

முதலில் தேங்காய் ஏற்றினார்கள். அப்புறம் செருப்பு. சொந்தச் சரக்கு தீர்ந்ததும் என் வீட்டில் கை வைத்தார்கள். கொடியில் கிடந்த துண்டு போனது. முறம் போனது. கடைசியில் என் பூனையே போனது. அந்தத் துரோகி பக்கெட்டில் உட்கார்ந்துகொண்டு என்னை எங்கேயோ பார்த்தவனைப் போலப் பார்த்தது.

படியேறிப் போய், வயதான காலத்தில் இது என்ன கூத்து என்று கேட்டேன். அவர் காதிலேயே வாங்கவில்லை.

“பாயி, கீழ ஆள் பத்தல. நீங்க லோடு போடுங்க.”

நான் அரசாங்கத்தில் அதிகாரியாக இருந்தவன் என்றேன்.

“கோயி பாத் நஹி, பரவாயில்ல, பழகிடும்” என்றார்.

பிள்ளைகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. அந்தச் சிரிப்புக்கு முன்னால் என்னத்தைச் சண்டை போடுவது? தூறலில் நனைந்துகொண்டு, என் வீட்டுச் சாமான்களை நானே பக்கெட்டில் போட்டு அனுப்பினேன்.

மழை விட்டது. மகள் பெட்டி கட்டினாள். பேத்தி மட்டும் பால்கனியை விட்டு நகரவில்லை.

“நாங்க வரலம்மா. இங்க நிறைய லோடு இருக்கு.” தாத்தாவுடைய அதே தொண்டை. தெருக்கோடி வரை கேட்டது.

மகள் சிரித்தபடி பெட்டியைப் பிரித்தாள். கிரேன்காரர் அவசரமாகத் திரும்பிக்கொண்டு, நன்றாகவே ஓடிய கப்பிக்கு எண்ணெய் போட்டார்.

விடுமுறை முடிந்து அவர்கள் சென்னைக்கு விமானம் ஏறிய அன்று மேல்மாடியில் சத்தமே இல்லை. விட்டது தொல்லை என்று சொல்லிக்கொண்டே கேரம் பலகையோடு மேலே போனேன். ஆட்டத்துக்கு நடுவில், நான் வேறெங்கோ பார்க்கிறேன் என்ற நினைப்பில், சிவப்புக் காயைத் தன் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

நான் இன்னும் கொஞ்ச நேரம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன்.